பிராஃபி வாசலுக்கு எதிரே

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் வேன் கில்மோரன் சாலைக்குள் திரும்பியது. டெஸ்ஸி ஓட்டினான். நான் காதுக்கோலை மடியில் வைத்துக்கொண்டு, சன்னல் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

டப்ளினுக்கு மேற்கே நான் பள்ளம் தோண்டாத தெரு கிடையாது. பதினெட்டு வயதில் தண்ணீர்க் குழாய் வேலைக்கு வந்தவன், இப்போது அறுபத்திரண்டு. இந்த ஒரு சாலையை மட்டும் முதுகுவலி, பல்வலி, யாரோ ஒருவரின் இழவு என்று ஏதாவது சாக்குச் சொல்லி அடுத்தவன் தலையில் கட்டிவிடுவேன். அந்த வாரம் சாக்கு எடுபடவில்லை. பதினான்கு வீடுகளிலிருந்து புகார் வந்திருந்தது. மாலை நாலு மணிக்குக் குழாயில் யாரோ தட்டுகிற மாதிரிச் சத்தம் கேட்கிறதாம். புதிய பேருந்துத் தடத்துக்காகச் சாலையைக் கீறத் தொடங்கியதிலிருந்துதான் இப்படியாம். வெள்ளிக்கிழமை கான்கிரீட் கொட்டப் போகிறார்கள். பழைய இரும்புக் குழாயை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு, பக்கத்தில் நீலப் பிளாஸ்டிக் குழாய் போட்டாகிவிட்டது. கொட்டிவிட்டால் பிறகு ஐம்பது வருடத்துக்கு அங்கே யாரும் கடப்பாரை வைக்கமாட்டார்கள். அதற்குள் சத்தம் என்னவென்று பார்க்கவேண்டும். குழாயைக் காதால் கேட்டுச் சொல்கிற ஆள் எங்கள் பிரிவில் நான் ஒருவன்தான் மிச்சம்.

புகார்த் தாளில் ஒரு வீட்டுக்கும் எண் சரியாக இல்லை. டெஸ்ஸி வண்டியை நிறுத்தி, நாயோடு நடந்துகொண்டிருந்த ஒருவரிடம் வழி கேட்டான். பழைய சினிமாவைத் தாண்டிப் போ, கொல்லன் பட்டறையில் இடது பக்கம் திரும்பு, பிராஃபி வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் என்றார் அவர். சினிமாவும் பட்டறையும் இருந்த பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மருந்துக்கடை, நகம் தீட்டும் கடை, டயர் மாற்றும் கடை.

டெஸ்ஸி கண்ணாடியை ஏற்றினான். "இந்த ஊர்ல வழி கேட்டா செத்துப்போனதத்தான் அடையாளம் சொல்றாங்க. அதுங்க எங்க நின்னுச்சுன்னு காட்ட இன்னொரு செத்தவன் வரணும் போலருக்கு."

நான் சிரிக்கவில்லை. "என்ன பெருசு, பல்வலி இன்னும் போகலியா?" என்றான்.

முதல் வால்வு மூடியைத் திறந்தோம். காதுக்கோல் என்பது வெறும் மரக்கோல்தான். கைத்தடி நீளம், தலையில் ஒரு மரக்குமிழ். அடியை இரும்பில் ஊன்றி, குமிழில் காதை வைத்தால் குழாய் பேசும். எங்கே ஒழுகுகிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று எனக்குப் புரியும். நான் கேட்டபோது அது பேசவில்லை. உள்ளே தண்ணீரே கிடையாது. செத்த குழாய்.

நாலு மணிக்கு வெளிச்சம் போய்விட்டது. நவம்பர் மாதம் எங்கள் ஊரில் அப்படித்தான். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாய் எரிந்தன. பள்ளி விட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் கார்கள் வரிசையாக நின்றன.

டக். டக். டக்.

நான் கோலை எடுத்துவிட்டேன்.

டெஸ்ஸி என் முகத்தைப் பார்த்தான். பிறகு இரண்டாவது வால்வைத் திறந்தான். அங்கேயும் மூன்று. மூன்றாவதிலும் மூன்று. சத்தம் பிறக்கிற இடத்தை நெருங்க நெருங்கப் பெரிதாகவேண்டும். இந்தத் தொழிலே அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. இது எந்த வால்விலும் ஒரே அளவாகக் கேட்டது. அடுத்தடுத்த வால்வு இருநூறு அடி தள்ளியிருந்தும் ஒரே அளவு.

நாலாவது வால்வில் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இன்னொன்று கேட்டது. மூக்கில் மண் அடைத்தவன் மூச்சை இழுக்கிற சத்தம்.

என் அப்பா பார்ட்லி மேஸ்திரியாக இருந்த செட்டில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளத்தின் அடியில் நிற்பவன் கத்தினால் மேலே இயந்திர இரைச்சலில் காதில் விழாது. அதனால் மண்வாரியால் இரும்புக் குழாயைத் தட்டுவான். மூன்று தட்டு என்றால், என்னை மேலே தூக்கு. இரண்டு தட்டு என்றால், மேலே நிற்பவனே, நீ கீழே இறங்கி வா. மேலே நிற்பவன் ஒரு தட்டுத் தட்டிப் பதில் சொல்லவேண்டும், கேட்டுவிட்டது என்று. கீழே போகிற ஒவ்வொருவனுக்கும் மேலே ஒருவன் நிற்பான். ஜார்லத் என்றொரு பையன் கீழே போனபோது மேலே நின்றவன் நான்.

வால்வு மூடியைச் சாத்திவிட்டு நிமிர்ந்தேன். சாலையின் மறுபக்கம், பேருந்து நிழற்குடையில் ஒரு பெண் உட்கார்ந்து புகைபிடித்துக்கொண்டிருந்தாள். எழுபது வயதிருக்கும், சிவப்பு மேலங்கி. என்னையே பார்த்தாள்.

"நீ பார்ட்லி மகன்தானே?"

ஜார்லத்தின் அக்கா நூலா. நாற்பத்து நாலு வருடத்துக்குப் பிறகும் அந்தக் குரல் அடையாளம் தெரிந்தது. ஆமாம் என்றேன். வயசாகிவிட்டது உனக்கு, உன் அப்பன் மூஞ்சி அப்படியே வந்துவிட்டது என்றாள். சீட்டாட்டத்துக்கு நாலு இருபது பேருந்தில் தினமும் போகிறாளாம். அரைமணி முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிடுவாளாம். வீட்டில் கணப்புப் பக்கத்தில்கூட கால்வலி விடாது, இந்தப் பலகையில் உட்கார்ந்தால் மட்டும் காலுக்கு இதமாக இருக்கிறது, ஏனென்று தெரியவில்லை என்றாள்.

பேருந்து வந்தது. ஏறும்போது திரும்பினாள்.

"ஜார்லத் கிட்டேர்ந்து உனக்காவது ஏதாவது தாக்கல் வந்துச்சா? இங்கிலாந்துல தபால்காரனுங்களே கிடையாது போல."

இல்லை என்றேன். நாற்பத்து நாலு வருடத்துக்கு முன்னால் சொன்ன அதே சொல்.

ஜார்லத் மேற்குக் கடற்கரையிலிருந்து வந்தவன். இருபத்தொரு வயது. சம்பளப் புத்தகத்தில் பெயர் இல்லாமல் எங்கள் செட்டில் வேலை செய்தான். பிராஃபி வாசலுக்கு எதிரே ஒரு ஓடை சாலையைக் கடந்தது. குழாய் அதற்கு அடியில் இறங்கிப் போகவேண்டும். பத்தடி ஆழம், மஞ்சள் களிமண், சொதசொதவென்று ஈரம். பக்கப் பலகை அடித்து முட்டுக் கொடுத்துத்தான் ஆளை இறக்கவேண்டும். பலகை வேறு இடத்தில் இருந்தது. ஒரு மணி நேர வேலைதானே என்றார் அப்பா. பாட்டில் தொழிற்சாலைச் சங்கு நாலு மணிக்கு ஊதியது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் இரண்டு பக்கச் சுவரும் ஒன்றாய் விழுந்தன.

மற்றவர்கள் முன்னமே போய்விட்டார்கள். நானும் அப்பாவும் மட்டும். அப்பா மூடச் சொன்னார். மூடினோம். கோபித்துக்கொண்டு கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போய்விட்டான் என்று மறுநாள் சொன்னார். அந்தக் காலத்தில் எங்கள் நாட்டில் அந்த ஒரு வார்த்தை போதும். யாரும் மேலே கேட்கமாட்டார்கள்.

அப்பா சாகும்போது இடம் சொல்லிவிட்டுப் போனார். பிராஃபி வாசலுக்கு முதுகு காட்டி நில். நேராக நட. பாட்டில் தொழிற்சாலைப் புகைபோக்கி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் மறைகிற இடத்தில் நின்றால், காலுக்குக் கீழே இருப்பான். அவருக்குத் தெரிந்த அளவை அது. புகைபோக்கியும் தண்ணீர்த் தொட்டியும் உலகம் உள்ளவரை நிற்கும் என்று நினைத்தார். அவர் அதைச் சொன்னபோதே இரண்டும் தரைமட்டமாகிவிட்டிருந்தன. புகைபோக்கி இருந்த இடத்தில் பல்பொருள் அங்காடி, தொட்டி இருந்த இடத்தில் ஆறு மாடி வீடுகள். ஓடையைக் குழாயில் அடைத்து வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள்.

வாசல் மட்டும் நின்றது. இரண்டு கல்தூண், இரும்புக் கதவு. வேனிலிருந்து பார்த்தேன். புதிய குடியிருப்பின் முகப்பில், பூச்செடி வைத்து, விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

புதன்கிழமை காலையில் டெஸ்ஸியிடம் பழைய வரைபடத்தை விரித்துக் காட்டினேன். குழாய் கீழே இறங்கும் இடம் "பிராஃபி வாசலுக்கு எதிரே, நடைபாதை விளிம்பிலிருந்து பதினோரு அடி" என்று எழுதியிருந்தது. சத்தம் அந்த இறக்கத்திலிருந்துதான் வருகிறது என்று பொய் சொன்னேன். அவன் நம்பினான். இரண்டு தூணுக்கும் நடுவில் நாடாவைப் பிடித்து அளந்து, இயந்திரத்தை இறக்கி, பலகை அடித்து, முட்டுக் கொடுத்துத் தோண்டினோம். பத்தடி வரை போனோம். உடைந்த செங்கல், மணல், ஒரு குழந்தைச் சைக்கிளின் சக்கரம். குழாயும் இல்லை, களிமண்ணும் இல்லை.

மூன்றரைக்கு இருவரும் வேனில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். இருட்டத் தொடங்கியது. தடுப்புக்குள் யாரும் போகவில்லை. நான் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கிப் போனபோது தாரில் கால்தடம் இருந்தது.

ஆணி அடித்த பூட்ஸ். ஒற்றை ஆள். தெருவின் கீழ்ப்பக்கமிருந்து வந்து, பள்ளத்தின் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்திருந்தது. பிறகு திரும்பிப் போயிருந்தது. ஒவ்வொரு தடத்திலும் ஈரமான மஞ்சள் களிமண்.

டெஸ்ஸி குனிந்து விரலால் தொட்டு முகர்ந்தான். "நம்ம பள்ளத்துல மஞ்ச மண்ணே இல்லியேய்யா."

தடம் எது வரை போகிறது என்று பார்க்க விளக்கை எடுத்தேன். அதற்குள் ஒரு லாரி அதன்மேல் ஏறிப் போய்விட்டது. அந்தப் பக்கம் வெறும் தார்.

நூலா தடுப்புக் கம்பியில் கையூன்றி நின்றிருந்தாள். எதற்காக இங்கே தோண்டுகிறீர்கள் என்றாள். பிராஃபி வாசலுக்கு எதிரே ஒரு இடம் தேடுகிறோம் என்றான் டெஸ்ஸி.

"எந்த வாசலுக்கு? இதுக்கா? ஏன்பா பார்ட்லி மகனே, நீயுமா? வீடு கட்டுனவன் தொண்ணூத்தாறுல தூணப் பேத்து லாரியில ஏத்திக் கொண்டாந்து இங்க நட்டான், பவுசா இருக்கும்னு. கல்லு வந்துச்சு, இடமும் கூடவே வருமா?"

முன்பு எங்கே இருந்தது என்று கேட்டேன். அவள் கையை எடுத்துத் தெருவின் கீழ்ப்பக்கம் காட்டினாள். காட்டிய கை பாதியில் நின்றது. பள்ளிக்கூடத்துக்கும் பட்டறைக்கும் நடுவில் என்றாள். அப்புறம், பள்ளிக்கூடம் எங்கே இருந்தது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். எல்லாம் ஒரே மாதிரி வீடு. நானூறு அடியில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

வியாழக்கிழமை மூடுபனி.

காலையில் வந்தது, போகவேயில்லை. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. பள்ளத்தை மூடி மட்டப்படுத்தினோம். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கான்கிரீட் வண்டிகள் வருவதாகத் தகவல் வந்தது. மூன்றே முக்காலுக்கு டெஸ்ஸி இயந்திரத்தைத் திருப்பி ஒப்படைக்கப் போனான். அரைமணியில் வருவேன், எங்கேயும் போய்த் தொலையாதே என்றான்.

நான் காதுக்கோலை எடுத்துக்கொண்டு தெருவின் கீழ்ப்பக்கம் நடந்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாது. கான்கிரீட் விழுந்துவிட்டால் ஜார்லத் அங்கேயே கிடப்பான். நூலா தபாலுக்குக் காத்திருந்தே செத்துப்போவாள். நானும் செத்துப்போனால் விஷயம் முடிந்தது. அப்படி முடிந்தால் நல்லது என்று ஒரு மனம் சொன்னதையும் மறைக்கமாட்டேன்.

கார்ச் சத்தம் நின்றது.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை, கதவைச் சாத்தினாற்போல நின்றது. நிலக்கரிப் புகை வாசனை வந்தது. அந்தப் பகுதியில் நிலக்கரி எரிக்க விடாமல் முப்பது வருடமாகிறது. அதற்கடியில் இன்னொரு வாசனை. ஈரக் களிமண்.

சங்கு ஊதியது.

பாட்டில் தொழிற்சாலைச் சங்கு. அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே ஏறி, ஏறிய இடத்தில் நின்று அழுகிற சங்கு.

என் வலது பக்கம், இரண்டு வீடுகள் ஒட்டி நிற்கும் சுவரில், கல்தூண் தெரிந்தது.

சுவர் இருந்தது. தூணும் இருந்தது. நனைந்த கறுப்புக் கல், கதவின் கீல், கீலில் கட்டிய கயிறு. கையை நீட்டினேன். குளிர்ந்த கல் விரலில் பட்டது.

முதுகைத் தூணுக்குக் காட்டி நின்றேன். மூடுபனிக்கு மேலே, அங்காடி இருக்கவேண்டிய திசையில், புகைபோக்கி நின்றது. அதற்கு இந்தப் பக்கம், நாலு கால் ஊன்றிய தண்ணீர்த் தொட்டி. இரண்டுக்கும் நடுவே ஒரு கையகல வானம்.

நடந்தேன்.

ஒவ்வொரு அடிக்கும் அந்த இடைவெளி குறுகியது. என் பூட்ஸ் சத்தத்தோடு இன்னொரு பூட்ஸ் சத்தம். நான் நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. இடது தோளுக்குப் பக்கத்தில் யாரோ மண் அடைத்த மூக்கால் மூச்சு இழுத்தார்கள்.

இடைவெளி விரல் அளவானது.

கோடானது.

புகைபோக்கி தொட்டிக்குப் பின்னால் மறைந்தது. சங்கு நின்றது. என் முழங்கால் ஏதோ பலகையில் இடித்தது.

"கண்ணு தெரியலியா உனக்கு?" என்றாள் நூலா.

பேருந்து நிழற்குடை. சிவப்பு மேலங்கி. அவள் காலடியில், நடைபாதைக் கல்லின் இடுக்கெல்லாம் மஞ்சள் களிமண் பிதுங்கி நின்றது.

கார்ச் சத்தம் திரும்பியிருந்தது. தூண் இல்லை, புகைபோக்கி இல்லை. நிழற்குடையின் ஓரத்தில் ஒரு பழைய வால்வு மூடி இருந்தது. வரைபடத்தில் இல்லாத மூடி. அதைத் திறந்து கோலை ஊன்றி, காதை வைத்தேன். இந்த முறை சத்தம் பெரிதாக இருந்தது. குமிழ் என் காதெலும்பில் இடித்தது.

டக். டக். டக்.

அவளிடம் சொன்னேன். உட்காராமல், நின்றபடி சொன்னேன். பலகை இல்லாமல் இறக்கியதையும், சுவர் விழுந்ததையும், இங்கிலாந்து என்பது அப்பா கட்டிய கதை என்பதையும் சொன்னேன். அவள் சிகரெட்டைக் கையிலேயே வைத்திருந்தாள், சாம்பல் நீண்டுகொண்டே போனது.

"விழுந்த உடனே செத்துட்டானா?" என்றாள்.

அதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவும் நானும்கூட அதைப் பற்றிப் பிறகு பேசிக்கொண்டதில்லை.

"இல்ல," என்றேன். "தட்டினான். மூணு தட்டு. நின்னு நின்னு தட்டினான். குழாய் அடங்குற சத்தம்டா, மூடுன்னாரு அப்பா. அது என்ன சத்தம்னு எனக்குத் தெரியும். முதல் மண்ண நான்தான் தள்ளினேன்."

பேருந்து வந்து நின்றது, கதவைத் திறந்தது, மூடிக்கொண்டு போனது.

நூலா எழுந்து என் கையிலிருந்த கோலைப் பிடுங்கினாள். முழங்காலை நடைபாதையில் ஊன்றிக் காதை வைத்தாள். நெடுநேரம் கேட்டாள். முகம் மாறவில்லை. தட்டினால் மேலே இருக்கிறவன் என்ன பதில் தரவேண்டும் என்று கேட்டாள்.

"ஒரு தட்டு. கேட்டுடுச்சுன்னு அர்த்தம்."

அவள் கோலைத் தூக்கி, குமிழால் வால்வு இரும்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

அதற்குப் பிறகு கீழே சத்தம் இல்லை.

காவலர்கள் வந்தார்கள். கான்கிரீட் வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். சனிக்கிழமை ஒன்பதடி ஆழத்தில் ஜார்லத் கிடைத்தான். வலது கை தலைக்கு மேலே தூக்கியிருந்தது, விரலெலும்புக்குள் மண்வாரிக் காம்பு. பக்கத்திலிருந்த குழாயில் அவன் அடித்த தழும்புகளை எண்ணப் பார்த்துவிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருக்கிறது, எண்ண முடியாது என்று எழுதிக்கொண்டார்கள். நான் வாக்குமூலம் கொடுத்தேன். வழக்கு நடக்கிறது. மேற்கே அவன் ஊரில் புதைத்தபோது நான் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்றேன். சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க நூலா என்னைக் கூப்பிடவில்லை. போகிறபோது மட்டும் என் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"எங்கிட்ட வேணாம்," என்றாள். "பள்ளத்துல நின்னவன் நான் இல்ல. அவன்கிட்ட கேட்டுக்கோ."

கில்மோரன் சாலையில் இப்போது பேருந்துத் தடம் பளபளவென்று கிடக்கிறது. நிழற்குடையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். யாராவது வழி கேட்டால், அந்தப் பையன் கிடந்த இடத்தைத் தாண்டி வலது பக்கம் என்கிறார்களாம். டெஸ்ஸி சொன்னான். பதினான்கு வீட்டிலும் குழாய் அமைதியாக இருக்கிறது.

நான் வேலையை விட்டுவிட்டேன். என் வீடு அங்கிருந்து ஆறு மைல். தனி ஆள். சமையலறையில் இருந்த பழைய செம்புக் குழாயைப் பிடுங்கி, முழுக்கப் பிளாஸ்டிக் குழாய் போட்டது நான்தான், என் கையால். பிளாஸ்டிக் சத்தத்தைக் கடத்தாது. காதுக்கோலை வைத்தாலும் ஊமை.

திங்கட்கிழமை, நாலு மணிக்கு, தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே வெளிச்சம் போய்விட்டது. கழுவுதொட்டிக்கு அடியிலிருந்து ஈரக் களிமண் வாசனை வந்தது.

டக். டக்.

மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

நேற்றும் இரண்டு. இன்றும் இரண்டு.

பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டவேண்டும். கரண்டி என் கையில்தான் இருக்கிறது. இன்னும் தட்டவில்லை.